அட்டை உரித்த சட்டை

என் சகலையைப் போல மெதுவான மனிதர் இன்னொருவர் உலகத்தில் இருந்தால், அவர் இன்னும் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார். சகலை ஒரு வாய் சாப்பாட்டை மென்று விழுங்குவதற்குள் நான் ஒரு மூட்டை படுக்கை விரிப்பை வெளுத்துக் காயப்போட்டுவிடுவேன். சும்மா சொல்லவில்லை, நான் சலவை நிலையம் நடத்துகிறவன். அவர் அட்டை வளர்க்கிறவர். மூத்த பெண்ணை அவருக்கும் இளையவளை எனக்கும் கொடுத்த மாமனார், இரண்டு மருமகன்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணு வேகவே வேகாது, இன்னொண்ணு பொங்கி வழியும்" என்றாராம். நான்தான் பொங்கி வழிவது. மாமனார் ஆள் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

அட்டை என்றால் ரத்தம் குடிக்கிற அட்டைதான். அறுந்துபோன விரலையோ காதையோ மருத்துவர்கள் தைத்து ஒட்டினால், உள்ளே போன ரத்தம் திரும்பி வர வழியில்லாமல் தேங்கி, ஒட்டிய இடம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடுமாம். அப்போது அதன்மேல் அட்டையை விடுவார்கள். தேங்கியதை அது குடித்துத் தீர்க்கும், விரல் பிழைக்கும். அதற்கென்று அட்டைகளைப் பிறப்பிலிருந்து வளர்த்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிற நிலையம் ஒன்று ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. சகலை அங்கே வேலைக்குச் சேர்ந்த கதையே வேடிக்கை. தொட்டிச் சுவரில் விரிசல் பூசுவதற்காக வாலிப வயதில் ஒருநாள் கூலிக்குப் போயிருக்கிறார். பூசி முடித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மறுநாளும் போய் நின்றிருக்கிறார். சில நாள் கழித்து முதலாளியம்மா, தான்தான் எப்போதோ இவரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சம்பளம் கொடுத்துவிட்டார்.

பெண் கேட்டு வந்தபோது, "என்ன வேலை?" என்று கேட்டதற்கு, "அட்டைங்களைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டாராம். உள்ளே இருந்த அக்கா சிரித்துவிட்டாள். என் மனைவிக்கு அக்கா என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். சிரித்து முடித்துவிட்டு, "சரின்னு சொல்லிடுங்க" என்றாளாம். அவர் கையில் எப்போதும் ஈரமும் பாசியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அக்காவுக்கு அது பிடிக்கும். வேலை முடிந்து வந்ததும் அந்தக் கையை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு, "ஆறு வந்துடுச்சு" என்பாள். எங்களுக்கு முன்னாலேயே. எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

நானும் அந்த நிலையத்துக்கு அடிக்கடி போகிறவன். அட்டை ஜாடிகளின் வாயை மெல்லிய பருத்தித் துணியால் கட்டி வைப்பார்கள். நூல் அளவு இடைவெளி கிடைத்தால் போதும், அட்டை ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடும். அந்தத் துணிகளை எல்லாம் வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான்.

அந்த அறைக்குள் போனாலே எனக்குக் கண் சொருகும். வெயில் நேராக விழாமல் இருக்கச் சன்னல் கண்ணாடிகளுக்குப் பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் வரிசையாகத் தொட்டிகள். உள்ளே அட்டைகள் ரிப்பன் போல மேலும் கீழும் வளைந்து நீந்தும். சிலது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். வயிறு நிறைய ஒருமுறை குடித்தால் பல மாதத்துக்கு அவற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். அவசரமே இல்லாத உயிர்கள். எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பொங்கி வழிகிற நானே அங்கே போனால் அடங்கிவிடுவேன். ஒருமுறை ஸ்டூலில் உட்கார்ந்தவன், நான் தண்ணீருக்குள் கிடப்பதாகவும் சகலை வெளியே நின்று என்னைக் குனிந்து பார்ப்பதாகவும் கண்டேன். மூச்சுக்குக்கூட அவசரமில்லாமல் இருந்தது. விழித்துப் பார்த்தால் அவர் உண்மையிலேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறிடுச்சு, சகல" என்றார்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்தாள், சிரித்தாள், என் மனைவியை வேலை ஏவினாள். தையலுக்குச் சகலைதான் தினமும் கட்டு மாற்றினார். பிறகு காய்ச்சல் வந்தது. புண்ணில் சீழ் வைத்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். திரும்ப மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அக்கா திரும்பி வரவில்லை. சகலை அழவில்லை. எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகு எழுந்துபோய்க் கை கழுவினார். அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்போதுதான் கிருமி மேடம் வந்து சேர்ந்தார். கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து நுண்நோக்கிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற பெண். பெயர் வேறு என்னவோ, நிலையத்தில் எல்லாருக்கும் கிருமி மேடம்தான். அட்டைக்காரர்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அட்டை வயிற்றில் முக்கியமாக இரண்டு வகைக் கிருமிகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கின்றன. அட்டைக்கு அவை ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஆனால் அதில் ஒன்று மனிதப் புண்ணுக்குள் புகுந்தால் சீழ் வைக்கும். அதனால்தான் அட்டை விடுவதற்கு முன்பே நோயாளிக்கு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள்.

மேடம் சொன்னதை மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். சகலை அன்று சாயங்காலம் என் சலவை நிலையத்துக்கு வந்தார். நான் நீராவிக்குள் நின்று விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"சகல, அவ புண்ணுக்கு நான்தான கட்டு மாத்துனேன்" என்றார்.

"ஆமா, அதுக்கென்ன?"

"தொட்டிக்குள்ள இருந்த கை."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டேன். "கழுவிட்டுத்தான தொட்டீங்க" என்றேன்.

"கழுவினேன். போதுமான்னு தெரியல" என்றார்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் நேராகவே சொன்னாள்: "அத்தான், எந்தக் கிருமின்னு ஆஸ்பத்திரியில பாத்திருப்பாங்க இல்ல? அந்த மேடத்தை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. இப்படி மனசுலயே போட்டுப் புழுங்கறதுக்கு ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அவர்.

அதன் பிறகு சகலை சுத்தத்தைப் பிடித்துக்கொண்டார், அல்லது சுத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் துடைத்துவிட்டுத் திறப்பார், திறந்துவிட்டுத் துடைப்பார். கைகளைக் கிருமிநாசினியில் ஊறவைத்து ஊறவைத்துத் தோல் வெளுத்து வெடித்துவிட்டது. பாசி வாசனை போயே போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் சின்ன மகள் ஓடி வருவாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்கு அழுக்கோடுதான் பிழைப்பு. வாழ்நாளில் முழுச் சுத்தமான துணி ஒன்றை நான் கண்டதில்லை. கடையிலிருந்து புதிதாக வந்த துணியைக்கூட அலசினால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும். இதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

முதலாளியம்மா புதுக் கட்டடம் ஒன்று கட்டினார். வெள்ளை ஓடு பதித்த சுவர், வடிகட்டிய தண்ணீர், பளபளவென்று கண்ணாடித் தொட்டிகள். சகலை போய்க் கேட்டார். வாயைத் திறந்து எதையும் கேட்டறியாத மனிதர், தானாகவே போய்க் கேட்டார்: வயிற்றில் கிருமியே இல்லாத அட்டைப் பரம்பரை ஒன்றைத் தான் வளர்த்துத் தருவதாகவும், அந்தக் கட்டடத்தைத் தன் பொறுப்பில் விடும்படியும். மருத்துவமனைகள் கொத்திக்கொண்டு போகும் என்று முதலாளியம்மாவுக்கும் மகிழ்ச்சி. இது நடக்குமா என்று சொல்லக்கூடிய கிருமி மேடமோ மேல்படிப்புக்காக வெளியூர் போயிருந்தார்.

"யாருக்கும் இனிமே அப்படி ஆகக் கூடாது. அவளுக்காக என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான், சகல" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அக்கா போனதிலிருந்து நான் பார்க்காத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஆனால் புதுக் கட்டடத்தைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அட்டையைப் பிடிச்சு மெத்தையில வச்சாலும் அது செத்தையத்தான் தேடும்னு சொல்லுவாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இங்கே சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாம்பு உரிக்கிற மாதிரி அட்டையும் சில நாட்களுக்கு ஒருமுறை உடம்பின் மேல் படலத்தைக் கழற்றிவிடும். ஆனால் அட்டையின் சட்டை தோல் அல்ல, வெறும் வழவழப்பு. ஈரமான சிலந்தி வலை போலத் தண்ணீரில் மிதக்கும். தொட்டால் விரலில் இழையும். பழைய கட்டடத்தில் அது பாட்டுக்குக் கிடக்கும், நேரம் கிடைத்தால் எடுத்துப் போடுவார்கள். "நான் மனுஷன் சட்டைய வெளுக்கறேன், நீங்க அட்டை சட்டைய வெளுக்கறீங்க" என்று அவரைக் கேலி செய்திருக்கிறேன். புதுக் கட்டடத்தில் சகலை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி ஒரு இழை விடாமல் எடுத்தார். முட்டைக் கூடுகளைப் பெரிய அட்டைகளிடமிருந்து பிரித்து, துடைத்து, தனியே ஈர மண்ணில் வைத்தார். குட்டிகள் பொரிந்ததும் நேராகப் புதுத் தண்ணீர். பெரியவற்றின் நிழல்கூட அவற்றின்மேல் படவில்லை.

குட்டிகள் நூலளவுதான் இருந்தன. முதல் தீனிக்கு, மெல்லிய குடல் தோலில் ரத்தத்தை நிரப்பி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் தொங்கவிடுவார்கள். எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டு குடித்தன. உருண்டு திரண்டு உதிர்ந்தன. சகலை எனக்கு ஆள் அனுப்பி வரவழைத்துக் காட்டினார். நூல்கள் மணிகளாகித் தரையில் கிடந்தன. அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவை செரிக்கவில்லை. குடித்த ரத்தம் குடித்தபடியே வயிற்றில் நின்றுவிட்டது. நாளாக ஆக உடம்பில் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டது. நீந்தாமல் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகச் செத்தன. சகலை, தொட்டி சுத்தம் போதவில்லை என்று நினைத்தார். அடுத்த தடவை இன்னும் கழுவினார். அந்தக் குட்டிகளும் செத்தன. இன்னும் கழுவினார். நான் துணி கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு தொட்டி கூடுதலாகக் காலியாகி, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவர் மட்டும் கையில் துணியோடு நடமாடிக்கொண்டிருப்பார். அந்த அறையில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

"கனவு வருது சகல" என்றார் ஒருநாள் மதியம். "அவ வரா. உக்காந்துட்டுக் கைய நீட்டறா. கை கழுவிட்டு வரேன், இருன்னு சொல்லிட்டுப் போறேன். நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். தினமும் இதே கனவுதான். தினமும் கழுவத்தான் போறேன்."

நான் மடித்துக்கொண்டிருந்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன்.

கடைசியாக ஒரே ஒரு தொட்டிக் குட்டிகள் மிஞ்சின. முதல் தீனி முடிந்து அவையும் அடியில் கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் கிருமி மேடம் படிப்பு முடித்துத் திரும்பி வந்தார். செத்த குட்டி ஒன்றை எடுத்து அறுத்து, நுண்நோக்கியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் திருப்பிப் போட்டு சகலைக்கு எதிரே உட்கார்ந்தார். நானும் துணி மூட்டையோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"இதுங்க வயித்துல ஒண்ணுமே இல்லங்க. நீங்க நெனச்ச மாதிரியே சுத்தமா இருக்கு. அதனாலதான் சாகுது" என்றார். வெறும் ரத்தம் மட்டும் ஒரு உயிரை வாழவைக்காது. ரத்தத்தில் இல்லாத சத்தைச் செய்து கொடுப்பதும், குடித்த ரத்தம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும், வேறு கிருமி எதையும் உள்ளே நுழைய விடாமல் தடுப்பதும் வயிற்றில் குடியிருப்பவைதான் என்றார். அவை குட்டிக்கு எங்கிருந்து வருகின்றன?

"பெரிய அட்டை உரிச்சுப் போடுற சட்டையில இருந்துதான்னு நாங்க நெனைக்கறோம். குட்டி அதுமேல ஊர்ந்து போகும்போது வாங்கிக்கும். நீங்க ஒரு துளி விடாம எடுத்துட்டீங்க." குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "மிச்சம் இருக்கறதுக்கு இப்போ குடுத்துப் பாக்கலாம். பிழைக்குமான்னு உறுதியா சொல்ல மாட்டேன்."

சகலை தலையை ஆட்டினார். ஆனால் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. எனக்கு அவர் கஷ்டம் புரியாமல் இல்லை. தன் மனைவியைக் கொன்றது என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து ஒரு குட்டிக்கு ஊட்ட வேண்டும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சகல, போனவங்க போயிட்டாங்க. இதுங்க இன்னும் போகல. போறதுக்குள்ள ஏதாவது செய்யுங்க. இல்லன்னா அந்தத் தொட்டிய என்கிட்டக் குடுங்க, நானே போட்டுத் தொலைக்கறேன்" என்று கத்தினேன். அந்த வெள்ளை அறையில் என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவர் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். பழைய கட்டடத்துக்குள் நுழைந்து, பெரிய அட்டைகளின் தொட்டி முன்னால் நின்றார். பச்சை வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கையுறை போட்ட கையை உள்ளே விட்டார். சட்டை இழை ரப்பரில் பட்டுக் கிழிந்தது. மறுபடி முயன்றார், மறுபடி கிழிந்தது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெடித்த அந்த விரல்களைத் தண்ணீருக்குள் விட்டார். இழை முழுசாக வந்து விரலில் சுற்றிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தக் கையை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து புதுக் கட்டடத்துக்குள் போய், கடைசித் தொட்டியில் முக்கினார். இழை அவிழ்ந்து மெல்ல மெல்ல அடியில் போய்ப் படிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குட்டி, யாரோ கூப்பிட்டது போல, உடம்பை நீட்டிச் சுருக்கி அதன்மேல் ஊர்ந்தது. இன்னொன்று வந்தது. வெளியே வெயில் எப்போது சாய்ந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்தத் தொட்டியில் பாதிக்கு மேல் பிழைத்தன. முடிச்சுகள் கரைந்தன. தொட்டியின் நடுவில் அவை வளைந்து நீந்த ஆரம்பித்தபோது முதலாளியம்மாவே வந்து பார்த்துவிட்டுப் போனார். மேடம் ஒன்றை எடுத்துச் சோதித்து, "ரெண்டு கிருமியும் குடி வந்துடுச்சு" என்றார்.

"நல்லதுங்க" என்றார் சகலை. கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணக் குரலில், "மேடம், என் வீட்டுக்காரி செத்தது இதாலதானான்னு ஆஸ்பத்திரியில கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார்.

இத்தனை காலமாக ஆமாம் என்று வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமலே இருந்தவர். இப்போது ஆமாம் என்று வந்தாலும் அந்தத் தொட்டியைக் கவிழ்க்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

மேடத்துக்கு அந்த மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அடுத்த தடவை வந்தபோது பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னார். "இது இல்லங்க. அவங்களுக்கு வந்தது வேற. மனுஷங்க மூக்குல, தோல்ல சாதாரணமா இருக்கறது. யாருகிட்ட இருந்து வேணா வந்திருக்கலாம். அவங்க உடம்புல இருந்தே வந்திருக்கலாம். அட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

எனக்குச் சகலையை அப்படியே அலக்காகத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. மூட்டையைக் கீழே போட்டேன். சகலை என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்த காலித் தொட்டிகளிடம் போனார். வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்தார்.

"ஒண்ணும் செய்யாததுங்க, சகல" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தார். தோல் உரிந்து, சிவந்து, ரேகையே தெரியாமல் போன கைகள்.

"இதுவும் ஒண்ணும் செய்யல" என்றார்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சகலை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அக்காவுக்காக அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.